பி.ஏ. படிப்பு: எந்தப் பாடம் எதற்கு, எத்தனை மார்க் எடுத்தால் பாஸ்?

கல்லூரிச் சேர்க்கை முடிந்து வகுப்புகள் தொடங்கியதும் பி.ஏ. பற்றிய கடிதங்கள் குவிவது வழக்கம். தமிழ்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களில் இணைந்த கலைக் கல்லூரிகளில் நடக்கும் மூன்றாண்டு பி.ஏ. படிப்பை வைத்தே இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். கிரெடிட் (ஒவ்வொரு தாளுக்கும் ஒதுக்கப்பட்ட மதிப்புப் புள்ளி), கட்டணம், கடைசித் தேதி போன்றவை பல்கலைக்குப் பல்கலை, ஆண்டுக்கு ஆண்டு மாறும். நீங்கள் சேர்ந்த ஆண்டின் ‘ரெகுலேஷன்’ புத்தகத்தைத் துறையில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சீனியர் வைத்திருக்கும் புத்தகம் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

மகளுக்கு அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு கிடைத்திருக்கிறது. ஆனால் முதல் செமஸ்டர் கால அட்டவணையில் வரலாறு பாதிகூட இல்லை. தமிழ், ஆங்கிலம், இன்னும் என்னென்னவோ போட்டிருக்கிறார்கள். எதற்கு இவ்வளவு?
– ஒரு தந்தை, அரியலூர்

அட்டவணையில் தவறில்லை. பி.ஏ. பட்டம் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. மார்க் ஷீட்டிலும் இந்தப் பகுதிகள் தனித்தனியாகத்தான் வரும். அதனால் எந்தப் பாடம் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பகுதி 1 தமிழ் அல்லது வேறு மொழி. பகுதி 2 ஆங்கிலம். பி.ஏ.வில் இவை இரண்டும் பெரும்பாலும் முதல் நான்கு செமஸ்டர்களுக்கு வரும். வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பில் இந்த இரண்டு மொழிகளே 10 முதல் 12 மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். முதலாண்டில் வரலாறு குறைவாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். மூன்றாம் ஆண்டில் மொழிப் பாடங்கள் போய்விடும். அப்போது அட்டவணை முழுக்க வரலாறுதான்.

பகுதி 3தான் பட்டத்தின் முதுகெலும்பு. மேஜர் எனப்படும் முதன்மைப் பாடங்கள், அலைடு எனப்படும் துணைப் பாடங்கள், விருப்பப் பாடங்கள் எல்லாம் இதற்குள் அடங்கும். வரலாறு எடுத்தவர்களுக்கு அரசியலமைப்பு, சுற்றுலா போன்றவை அலைடாக வரும். பொருளாதாரம் என்றால் புள்ளியியல், வணிகவியல் வரலாம். தமிழ் இலக்கிய மாணவர்களுக்குத் தமிழக வரலாறும் பண்பாடும் அலைடாக இருக்கும். புதிய பாடத்திட்டங்கள் சிலவற்றில் அலைடுக்கே ‘எலெக்டிவ்’ என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பெயர் எதுவானாலும் அது மூன்றாம் பகுதிதான், அந்த மார்க்குக்கும் கணக்கு உண்டு. “அலைடு தானே” என்று விட்டுவிட்டு, பட்டத்தின் வகுப்பு இறங்கிப்போன பிறகு வருந்துகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள்.

பகுதி 4இல் மேஜருக்கு வெளியே எடுக்கும் என்.எம்.இ. பாடம், திறன் வளர்ப்புப் பாடங்கள், சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி ஆகியவை. 2022இல் ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கிய பின் திறன் பாடங்கள் சில அதன் வழியே நடக்கின்றன. பகுதி 5 என்பது என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு, செஞ்சிலுவைச் சங்கம் போன்ற விரிவாக்கப் பணி. இதற்குத் தேர்வு கிடையாது, பங்கேற்றால் 1 கிரெடிட்.

மொத்தம் 140 கிரெடிட் என்பது வழக்கமான கணக்கு. இதில் இரண்டு மொழிகளும் சேர்ந்து 24 வரும். மூன்றாம் பகுதி தொண்ணூறைத் தாண்டும். மீதிதான் நான்கும் ஐந்தும். ஒரு கிரெடிட் குறைந்தாலும் பட்டம் வராது. மேஜரில் 80 சதவீதம் வாங்கிவிட்டு, சுற்றுச்சூழல் கல்வித் தாளை எழுதாமல் விட்டதால் பட்டம் நிற்பது கல்லூரி அலுவலகங்களில் புதிய செய்தி அல்ல.

கேரளத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். தமிழ் படித்ததில்லை. கோவையில் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்திருக்கிறேன். தமிழ் கட்டாயமா?
– ஒரு மாணவி, பாலக்காடு

பகுதி 1இல் மலையாளமோ இந்தியோ பிரெஞ்சோ, உங்கள் கல்லூரியில் எது நடத்தப்படுகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பன்னிரண்டு வரை தமிழே படிக்காமல், பகுதி 1இலும் வேறு மொழி எடுப்பவர்கள் பகுதி 4இல் ‘அடிப்படைத் தமிழ்’ இரண்டு தாள் எழுத வேண்டும். ஆறாம் வகுப்புத் தரம்தான், பயம் வேண்டாம். பன்னிரண்டு வரை தமிழ் படித்துவிட்டு இங்கே வந்து வேறு மொழி எடுப்பவர்களுக்கு அதே இடத்தில் ‘சிறப்புத் தமிழ்’ இரண்டு தாள். இந்த இரண்டு வகையிலும் சேராதவர்களுக்குத்தான் என்.எம்.இ. பாடம். தோழிகள் எடுக்கிறார்கள் என்று நீங்களும் என்.எம்.இ.க்குப் பெயர் கொடுத்துவிட்டால், மூன்றாம் ஆண்டு முடிவில் கிரெடிட் சரிபார்க்கும்போது அடிப்படைத் தமிழ் இல்லையென்று கோப்பு திரும்பி வரும்.

எக்ஸ்டர்னலில் 31 வாங்கியிருக்கிறேன். 75க்கு 30 எடுத்தால் பாஸ் என்றுதானே சொன்னார்கள்? ரிசல்ட்டில் ஃபெயில் என்று இருக்கிறது. கணினித் தவறா?
– ஒரு மாணவர், தர்மபுரி

உங்கள் இன்டர்னல் மார்க்கை, அதாவது கல்லூரியிலேயே 25க்குப் போடும் மார்க்கை, பாருங்கள். 8 அல்லது அதற்குக் கீழே இருக்கும்.

பாஸாக இரண்டு நிபந்தனைகள் உண்டு, இரண்டும் சேர்ந்தே நிறைவேற வேண்டும். பல்கலைத் தேர்வில் 75க்கு 30, அதாவது 40 சதவீதம், வேண்டும். இன்டர்னலும் எக்ஸ்டர்னலும் சேர்ந்து 100க்கு 40 வர வேண்டும். 31உடன் 8 சேர்த்தால் 39. முதல் நிபந்தனையைத் தாண்டிவிட்டீர்கள், இரண்டாவதில் ஒரு மார்க் குறைகிறது. இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் விழுகிறவர்களும் உண்டு. இன்டர்னல் 22, எக்ஸ்டர்னல் 29, மொத்தம் 51. இவரும் ஃபெயில்தான், எக்ஸ்டர்னலில் 30 வரவில்லையே.

ஆக, இன்டர்னலில் 10 என்பதுதான் எல்லைக்கோடு. 10 இருந்தால் எக்ஸ்டர்னலில் 30 போதும். அதற்குக் கீழே குறையும் ஒவ்வொரு மார்க்குக்கும் எக்ஸ்டர்னலில் ஒன்று கூடுதலாக வேண்டும். இன்டர்னல் 4 என்றால் எக்ஸ்டர்னல் 36. பூஜ்யம் என்றால் 40. பல பல்கலைகளில் இன்டர்னலுக்கென்று தனியாகப் பாஸ் மார்க் கிடையாது. சில தன்னாட்சிக் கல்லூரிகளில் 25க்கு 10 கட்டாயம் என்று இருக்கிறது. இதையும் ரெகுலேஷனில் பாருங்கள்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். அரியர் எழுதும்போது பெரும்பாலும் இன்டர்னல் மார்க் மாறாது. முதல் செமஸ்டரில் வாங்கிய அதே 8தான் கடைசி வரை கூடவே வரும். எத்தனை முறை எழுதினாலும் நீங்கள் 30ஐ இலக்கு வைக்க முடியாது, 32 வேண்டும். இன்டர்னல் 25 எப்படி வருகிறது என்பதையும் பாருங்கள். தேர்வுகளுக்கு 10, அசைன்மென்ட் 5, செமினார் 5, வருகைப்பதிவு 5 என்று பிரிப்பது பரவலான முறை. கடைசி மூன்றிலும் சேர்ந்து 15 இருக்கிறது. அசைன்மென்டைக் குறித்த நாளில் கொடுத்து, செமினாருக்கு எழுந்து நின்று பத்து நிமிடம் பேசி, வகுப்புக்கு ஒழுங்காக வந்தாலே 10ஐத் தாண்டிவிடலாம். எட்டில் நிற்பவர்களில் பலர் படிப்பில் பின்தங்கியவர்கள் அல்ல, அசைன்மென்ட் கொடுக்காதவர்கள்.

மூன்று மணி நேரம் போதவில்லை. கடைசி பத்து மார்க் கேள்வியை எப்போதும் பாதியில் விடுகிறேன். எப்படி எழுதுவது? ஒரு யூனிட்டை விட்டுவிட்டுப் படிக்கலாமா?
– ஒரு மாணவி, திருவண்ணாமலை

பரவலாக இருக்கும் வினாத்தாள் அமைப்பை வைத்துச் சொல்கிறோம். பகுதி அ: இரண்டு மார்க் பத்து, மொத்தம் 20. பகுதி ஆ: ஐந்து மார்க் ஐந்து, ஒவ்வொன்றிலும் (அ) அல்லது (ஆ), மொத்தம் 25. பகுதி இ: ஐந்தில் மூன்றுக்குப் பத்து மார்க் வீதம் 30. கூட்டினால் 75. ஒரு மார்க் கேள்விகளும் எட்டு மார்க் கேள்விகளுமாக வேறு வகையில் பிரிக்கும் பல்கலைகளும் உண்டு. அங்கே இருப்பவர்கள் கணக்கை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

180 நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள். இரண்டு மார்க் பத்துக்கும் சேர்த்து 30 நிமிடம். ஐந்து மார்க் ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடம் வீதம் 60. பத்து மார்க் ஒவ்வொன்றுக்கும் 25 வீதம் 75. மீதி 15 நிமிடம் வினாத்தாளைப் படிக்கவும் கடைசியில் கேள்வி எண்களைச் சரிபார்க்கவும். உங்களுக்கு நேரம் எங்கே போகிறது என்று இங்கிருந்தே ஊகிக்க முடிகிறது, இரண்டு மார்க்கில்தான். இரண்டு மார்க்குக்கு நான்கு வரி போதும். ஒரு வரையறை, ஒரு உதாரணம் அல்லது ஒரு ஆண்டு, அவ்வளவுதான். தெரிந்த கேள்வி என்பதற்காக ஒரு பக்கம் எழுதினாலும் இரண்டுக்கு மேல் மார்க் வராது.

பத்து மார்க்கை முதலில் எழுதலாமா என்று பலரும் கேட்கிறார்கள். விதி தடுக்காது. ஆனால் முதலில் கை வேகமாக ஓடும், பத்து மார்க் ஒன்று நாற்பது நிமிடத்தை விழுங்கிவிடும். இரண்டு மார்க்கில் தொடங்குவதுதான் எங்கள் சிபாரிசு. முடியாது என்றால் பத்து மார்க் இரண்டை மட்டும் முதலில் முடித்துவிட்டு, நேரே இரண்டு மார்க்குக்கு வந்துவிடுங்கள்.

இனி யூனிட் கணக்கு. ஒவ்வொரு தாளிலும் ஐந்து யூனிட். மேலே சொன்ன அமைப்பில் ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் இரண்டு மார்க் இரண்டு, ஐந்து மார்க் ஒன்று, பத்து மார்க் ஒன்று வருவதுதான் முறை. ஐந்து மார்க்கில் (அ), (ஆ) இரண்டுமே ஒரே யூனிட்டாக இருக்கும். எனவே ஒரு யூனிட்டை முழுக்க விட்டால் 4 + 5 = 9 மார்க் போய்விடும். பத்து மார்க்கில் மீதி நான்கிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அங்கே இழப்பில்லை. 66க்கு எழுதுகிறீர்கள். இரண்டு யூனிட்டை விட்டால் 18 போய் 57தான் மிச்சம், அதோடு பத்து மார்க்கில் தேர்வு செய்யும் வாய்ப்பும் போய்விடும். இருக்கும் மூன்றையும் எழுதியே ஆக வேண்டும். ஒரு யூனிட்டை விடுவது துணிச்சல், இரண்டை விடுவது சூதாட்டம். விடத்தான் வேண்டும் என்றால்கூட அந்த யூனிட்டின் இரண்டு மார்க் விடைகளை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள். அரை நாள் உழைப்பில் 4 மார்க் திரும்பி வரும்.

மதிப்பிடும் இடத்தில் மார்க் வீணாவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறோம். 13(ஆ) எழுதிவிட்டு ஓரத்தில் 13 என்று மட்டும் போடுவது. (அ), (ஆ) இரண்டையும் எழுதி எதையும் அடிக்காமல் விடுவது. பகுதி இ-யில் நான்கு கேள்வி எழுதுவது. இதில் கடைசியாகச் சொன்னது 25 நிமிடத்தை அப்படியே காவு வாங்குகிறது, ஏனென்றால் மூன்றுக்குத்தான் மார்க். வரலாறு எழுதுபவர்களுக்கு ஒன்று. வரைபடக் கேள்வி இருந்தால் இடங்களைக் குறித்தால் மட்டும் போதாது, குறித்த இடங்களுக்கு விளக்கமும் கேட்டிருப்பார்கள். வினாவைக் கடைசி வரி வரை படியுங்கள்.

பி.ஏ. தமிழ் இலக்கியம் இரண்டாம் ஆண்டு. மற்ற தாள்களில் 70க்கு மேல் வருகிறது. இலக்கணத்தில் மட்டும் பாஸ் ஆவதே பெரும்பாடு. நன்னூல் நூற்பாக்கள் மனப்பாடமாகத்தான் இருக்கின்றன.
– ஒரு மாணவர், மன்னார்குடி

மனப்பாடம்தான் சிக்கல். நூற்பாவை எழுதியதும் விடை முடிந்தது என்று நினைத்துவிடுகிறீர்கள். இலக்கண விடைக்கு நான்கு படி உண்டு: நூற்பா, அதன் பொருள், எடுத்துக்காட்டு, அந்த எடுத்துக்காட்டில் விதி எப்படிச் செயல்படுகிறது என்று பிரித்துக் காட்டல். மதிப்பிடுபவர் தேடுவது நான்காவது படியை. அதைத்தான் பெரும்பாலோர் விடுகிறார்கள்.

மரக்கிளை என்ற சொல்லைப் புணர்ச்சி விதி கூறி விளக்கச் சொன்னால், மரம் + கிளை என்று பிரித்து ‘மவ்வீறு ஒற்றழிந்து உயிரீறு ஒப்பவும்’ என்ற விதியை எழுதிவிட்டு நிறுத்துகிறார்கள். அந்த விதியால் மகரம் கெட்டு ‘மர + கிளை’ ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். நடுவே ‘க்’ எங்கிருந்து வந்தது? அதற்கு ‘இயல்பினும் விதியினும் நின்ற உயிர்முன் கசதப மிகும்’ என்ற இரண்டாவது விதி வேண்டும். மரவேர் என்று கேட்டால் முதல் விதியே போதும், வருமொழி முதலில் வல்லினம் இல்லை. இந்த இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், எப்போது எத்தனை விதி என்பது பிடிபடும். ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அதற்கான விதி, இதுதான் முறை.

யாப்புத் தாளில் அலகிடுதல், அதாவது செய்யுளைச் சீராகவும் அசையாகவும் பிரித்துக் காட்டுவது, கட்டாயம் வரும். முழு மார்க் அள்ளித் தரும் கேள்வி அது. சீர், அசை, வாய்பாடு, தளை என நான்கு பத்தி கொண்ட அட்டவணை போடுங்கள். முதல் குறளையே எடுத்துக்கொள்வோம். ‘அகர’ என்பதை அ / கர என்று பிரிப்பவர்கள் அதிகம். குறிலை அடுத்துக் குறில் வந்தால் இரண்டும் சேர்ந்து நிரை. எனவே அக / ர, நிரை நேர், புளிமா. ‘எழுத்தெல்லாம்’ எழுத் / தெல் / லாம், நிரை நேர் நேர், புளிமாங்காய். அடுத்த சீர் ‘ஆதி’ நேரில் தொடங்குவதால் காய் முன் நேர், வெண்சீர் வெண்டளை. ஈற்றுச் சீர் ‘உலகு’ குற்றியலுகரத்தில் முடிவதால் நிரைபு, வாய்பாடு பிறப்பு. இதைப் புளிமா என்று எழுதி மார்க் இழப்பவர்கள் கணிசம். வெண்பாவின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும் என்பதை நினைவில் வைத்தாலே அந்தத் தவறு வராது. தளைப் பத்தியைக் காலியாக விடாதீர்கள். விட்டால் அட்டவணை பாதிதான்.

அணி இலக்கணத்தில் குழப்பம் உவமையும் எடுத்துக்காட்டு உவமையும்தான். ‘போல’ முதலிய உவம உருபு வெளிப்படையாக இருந்தால் உவமை அணி. உவமை ஒரு வாக்கியம், பொருள் ஒரு வாக்கியம் என்று நின்று உருபு மறைந்திருந்தால் எடுத்துக்காட்டு உவமை அணி. பாடலைக் காட்டி, அணிப் பெயரைச் சொல்லி, எது உவமை, எது பொருள், உருபு எங்கே என்று மூன்றையும் எழுதுங்கள்.

டெங்கு காய்ச்சலில் மூன்று வாரம் கல்லூரிக்குப் போகவில்லை. மருத்துவச் சான்றிதழ் கொடுத்துவிட்டேன். ஆனாலும் ஹால் டிக்கெட் வராது என்கிறார்கள்.
– ஒரு மாணவர், தேனி

மருத்துவச் சான்றிதழ் வருகைநாளைக் கூட்டாது. அபராதம் கட்டித் தேர்வெழுத அனுமதி கேட்கும்போது அது துணைக் காகிதம், அவ்வளவே.

செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால், 75 சதவீதத்துக்கு 68 நாள் வர வேண்டும். 65 முதல் 74 சதவீதம் வரை, அதாவது 59 நாளாவது வந்திருந்தால், கன்டொனேஷன் (வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான) கட்டணம் கட்டித் தேர்வெழுதலாம். 50க்கு மேல் 65க்குக் கீழே என்றால் அந்த செமஸ்டர் தேர்வை இப்போது எழுத முடியாது. ஆனால் அடுத்த செமஸ்டருக்குப் போகலாம், விட்ட தாள்களைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். 50க்கும் கீழே, 45 நாள்கூட வரவில்லை என்றால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். மூன்று வாரம் என்பது ஆறு நாள் வாரமென்றால் 18 நாள், 90இல் போக 72 மிஞ்சும். அது 75 சதவீதத்துக்கு மேல்தான். எனவே காய்ச்சலுக்கு முன்போ பின்போ விட்ட நாட்களும் சேர்ந்திருக்க வேண்டும். துறையில் வருகைப்பதிவைக் கேட்டுப் பாருங்கள். என்.எஸ்.எஸ். முகாம், போட்டி என்று போன நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) பதிவாகாமல் விடுபட்டிருந்தால் அதை இப்போதே சேர்க்கச் சொல்லலாம்.

இரண்டாம் செமஸ்டர் ஆங்கிலத்தில் அரியர். மூன்றாம் செமஸ்டருக்கு விடுவார்களா? ரீவேல்யூவேஷன் போடலாமா, மறுபடி எழுதலாமா?
– ஒரு மாணவி, விருதுநகர்

அடுத்த செமஸ்டருக்குத் தடையில்லை. அரியரோடு மூன்றாம் ஆண்டு வரை போகலாம்.

இரண்டையும் செய்யுங்கள் என்பதுதான் எங்கள் பதில். ரீவேல்யூவேஷன் முடிவு வருவதற்குள் அடுத்த தேர்வுக்குக் கட்டணம் கட்டும் தேதி முடிந்துவிடுவது சகஜம். முடிவுக்குக் காத்திருந்து கட்டணம் கட்டாமல் விட்டால் ஆறு மாதம் வீண். 30க்குப் பக்கத்தில், 26, 27 என்று இருந்தால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் வந்ததும் ஒவ்வொரு விடைக்கும் மார்க் போடப்பட்டிருக்கிறதா, கூட்டல் சரியா என்று பாருங்கள். கூட்டல்தான் தவறு என்றால் ரீடோட்டலிங் போதும், கட்டணமும் குறைவு. ரீடோட்டலிங்கில் விடையை யாரும் திரும்பப் படிக்க மாட்டார்கள். 15 மார்க் வாங்கியவர்கள் ரீவேல்யூவேஷனுக்குப் பணம் கட்டுவதை நாங்கள் ஆதரிப்பதில்லை. எல்லாமே ரிசல்ட் வந்த சில நாட்களுக்குள் கல்லூரி வழியாகவோ இணையத்திலோ விண்ணப்பிக்க வேண்டியவை, தேதி தவறினால் அவ்வளவுதான்.

ஆறாம் செமஸ்டரில் ஒரே ஒரு தாள் மட்டும் போய், வேறு அரியர் எதுவும் இல்லாதவர்களுக்குச் சில பல்கலைகள் உடனடித் தேர்வு வைக்கின்றன. முதுகலை சேர்க்கையைத் தவறவிடாமல் இருக்க அது உதவும். அரியருக்கு ஒரு விலையும் உண்டு. டிஸ்டிங்ஷன், ரேங்க் போன்றவை எல்லாத் தாளையும் முதல் முறையிலேயே பாஸ் செய்தவர்களுக்குத்தான். முதல் வகுப்புக்கு அந்தத் தடை பொதுவாக இல்லை.

சி.ஜி.பி.ஏ. 7.1 என்று இருக்கிறது. இது முதல் வகுப்பா? சதவீதம் எவ்வளவு?
– ஒரு வாசகர், கும்பகோணம்

மார்க்கைப் பத்தால் வகுத்து கிரேடு பாயின்ட் ஆக்கும் பல்கலைகளில் 7.1 என்றால் 71 சதவீதம், முதல் வகுப்பு. 6.0 முதல் அது தொடங்கும், 7.5 முதல் டிஸ்டிங்ஷன். கணக்கிடும் முறை எளிது. ஒவ்வொரு தாளின் பாயின்ட்டையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். 4 கிரெடிட் தாளில் 78, 3 கிரெடிட் தாளில் 62 என்றால் 31.2 + 18.6 = 49.8. ஏழால் வகுத்தால் 7.11. வெறும் சராசரி போட்டால் 70 வந்திருக்கும், கிரெடிட் கூடுதலான தாள் இழுத்து உயர்த்துகிறது. எங்கே கூடுதல் நேரம் போட வேண்டும் என்பதற்கும் இதுவே விடை.

விண்ணப்பங்களில் ஒரு சிக்கல் உண்டு. வகுப்பு ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக வரும். “பட்டத்தில் பெற்ற சதவீதம்” என்று கேட்டால் எந்தப் பகுதி என்று அறிவிக்கையிலேயே தேடுங்கள். முதுகலைச் சேர்க்கைக்குப் பெரும்பாலும் மூன்றாம் பகுதிதான்.

ஆசிரியர் ஆக ஆசை. பி.ஏ. பொருளாதாரம் எடுத்தால் பி.எட். சேர முடியுமா?
– ஒரு மாணவி, நாமக்கல்

பி.ஏ. மட்டும் வைத்துச் சேர முடியாது. பொருளாதாரம், வணிகவியல், அரசியல் அறிவியல், சமூகவியல் போன்றவற்றுக்குத் தமிழக பி.எட். சேர்க்கையில் முதுகலையும் முடித்திருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், வரலாறு, புவியியல் என்றால் இளங்கலையே போதும். ஆகவே பொருளாதாரம் என்றால் ஐந்து ஆண்டும் பி.எட்.டும் என்று திட்டமிடுங்கள். குறைந்தபட்ச மதிப்பெண் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், பி.சி. 45, எம்.பி.சி. 43, எஸ்.சி., எஸ்.டி. 40. அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும். பி.ஏ. வரலாறு, எம்.ஏ. ஆங்கிலம் என்று மாறினால் அந்தக் கதவு மூடிவிடும். பட்டத்தின் பெயரில் கூடுதல் சொல் ஒட்டியிருக்கும் படிப்புகளில் சேருமுன், அது மூலப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். வேலைவாய்ப்புக்குச் சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் அந்த ஒற்றைச் சொல்லுக்காகத் திருப்பி அனுப்பப்படுபவர்கள் உண்டு.

ஆங்கில வழியில் சேர்ந்து, தேர்வுகளை எல்லாம் தமிழில் எழுதினேன். தமிழ்வழி இட ஒதுக்கீடு கேட்கலாமா?
– ஒரு வாசகர், சிவகங்கை

முடியாது. பிற மொழி வழியில் படித்துத் தேர்வை மட்டும் தமிழில் எழுதியவர்களுக்கு அது இல்லை என்று டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கைகளிலேயே தெளிவாக இருக்கும். 2010 சட்டப்படி 20 சதவீத முன்னுரிமை. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டம் மட்டுமல்ல, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். உங்கள் தம்பி தங்கைகள் தமிழ் வழியில் பி.ஏ. சேர்ந்திருந்தால், படிப்பு முடிந்த கையோடு உரிய படிவத்தில் பயிற்றுமொழிச் சான்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பள்ளிக்கும் அப்படியே. பத்து ஆண்டு கழித்து, மாறிப்போன தொடக்கப் பள்ளியைத் தேடி அலைவது பெரும்பாடு.

படிப்பு முடிந்தது. புரொவிஷனல் சான்றிதழில் இனிஷியல் மாறி வந்திருக்கிறது. பட்டமளிப்பு விழாவில் சரிசெய்துகொள்ளலாமா?
– ஒரு மாணவி, ஈரோடு

கூடாது. பட்டச் சான்றிதழ் அச்சாகும் முன்பே திருத்துங்கள். அச்சான பிறகு திருத்துவதற்குக் கட்டணமும் கால அவகாசமும் பல மடங்கு. பல்கலைக்கு ஆதாரம் உங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்தான், ஆதார் அட்டை அல்ல. அதில் பெயரும் இனிஷியலும் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் வரும். அதன் நகல், ஆறு செமஸ்டர் மார்க் ஷீட், புரொவிஷனல் அசல் ஆகியவற்றோடு கல்லூரி முதல்வர் வழியாக விண்ணப்பியுங்கள். ஒரு செமஸ்டர் மார்க் ஷீட்டில் மட்டும் எழுத்து மாறியிருந்தாலும் அதையும் இதோடு கொடுத்துவிடுங்கள். விழாவுக்கு வர முடியாவிட்டால் நேரில் வராமலே பட்டம் பெற விண்ணப்பத்தில் தனிக் கட்டம் இருக்கும். தபாலில் வரும், முகவரியை மட்டும் பின்கோடுடன் எழுதுங்கள்.